முனிராஜ் இறங்கிய வால்வுக் குழி

பழைய தொட்டியை இடிக்கப் போகிறார்கள். காற்று ஊதும் புதிய தொட்டிகள் வந்துவிட்டன. சுத்திகரிப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கெமிஸ்ட் பெண் வீடு தேடி வந்து இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், மார்கழிக் குளிர்ல அந்தத் தொட்டிய எப்படி ஓட்டினீங்க? நான் படிச்சத வச்சுப் பாத்தா அது ஓடியே இருக்கக் கூடாது."

ஓடியது. எப்படி ஓட்டினோம் என்பதை அவளுக்கு ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னேன். தொட்டியை ஒட்டி இருக்கும் வால்வுக் குழியைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் பஸ் ஏறிப் போன பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இடிக்கும்போது அந்தக் குழியையும் மண் தள்ளி மூடிவிடுவார்கள். அதில் ஒரு மனிதர் செத்தார். அவர் பெயர் முனிராஜ்.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. வேதியியல் படித்தேன். சேலத்தில் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்கள் அவை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஒரு சிறிய ஊர், பெயர் வேண்டாம். அங்கே சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட் வேலை. முதல் வாரம் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் அதே அறையில் மீன்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர்ச் சாக்கடை அதன் அடியில் நுழைந்து மெதுவாக மேலே ஏறும். அடியில் கறுப்பாக, களி பதத்தில் சேறு கிடக்கும். அதில் வாழும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஆகாது. காற்றில்லாமலே அழுக்கைத் தின்று வாயுவாக மாற்றிவிடும். கவிழ்த்து வைத்த கூரை போன்ற மூடிகளில் அந்த வாயு சேர்ந்து, குழாய் வழியாகப் போய் ஓரமாக எரியும். தண்ணீர் மேலே வழிந்து வாய்க்காலில் ஓடி ஏரியில் விழும். காற்று ஊதும் எந்திரம் தேவையில்லை, கரண்ட் போனாலும் கவலையில்லை என்றுதான் இதைக் கட்டினார்கள். கட்டியவர்கள் வெயில் ஊரை மனதில் வைத்திருந்தார்கள். ஓசூர்ப் பக்கம் தை மாதத்தில் காலை பத்து மணிக்கும் பனி விலகாது. நான் பிறந்த ஊரில் கடல்கூடக் கதகதப்பாக இருக்கும். இங்கே குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும்.

சேற்றில் இரண்டு வகை உயிர்கள் உண்டு. ஒரு வகை அழுக்கைப் புளிக்க வைக்கும். இன்னொரு வகை அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக்கும். புளிக்க வைப்பவை குளிரைப் பொருட்படுத்துவதில்லை. வாயுவாக்குபவை சுணங்கிவிடும். நடுவில் அமிலம் தேங்கும். ஓரத்தில் எரியும் நெருப்பு குறுகி, நீலமாகி, அணைந்துவிடும். சேறு கட்டி கட்டியாக மிதந்து வாய்க்காலில் வெளியேறும். வளர்க்க மாதக்கணக்காகும் சேறு அது. ஒரு வாரக் குளிரில் போய்விடும்.

அந்தத் தொட்டியை ஒவ்வொரு பனிக்காலமும் காப்பாற்றியவர் எங்கள் பொறியாளர் ராமப்பா சார். பாகலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், டீக்கடையில் கன்னடம். உயரமான மனிதர். காதை மூடி மஃப்ளர் சுற்றியிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான். காலையில் வந்ததும் அலுவலகத்துக்குள் போகமாட்டார். நேரே தொட்டியின் மேல் நடைபாதையில் ஏறி ஒரு சுற்று வருவார். பிறகு என் அறை வாசலில் நின்று, "என்ன பாத்தீங்க ஸ்டெல்லாம்மா?" என்பார். "அமிலம் கூடியிருக்கும்னு நினைக்கிறேன் சார்" என்று நான் ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். நினைப்பது பிறகு, முதலில் பார்த்ததைச் சொல்லுங்கள் என்பார். அமிலம் எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு, கண்ணாடிக் கூம்பில் ஊற்றி வைத்த சேறு எவ்வளவு படிந்தது, எவ்வளவு மிதந்தது. எல்லாம் கேட்ட பிறகுதான் என்ன செய்யலாம் என்று என்னையே கேட்பார்.

குளிர்காலத்தில் அவர் செய்தது இதுதான். விடிகாலையில் வரும் நீர்தான் அதிகக் குளிர்ச்சி. அதைத் தொட்டிக்குள் குறைவாக விட்டு, முன்னால் இருக்கும் சேமிப்புக் கிணற்றில் முடிந்தவரை தேக்கி வைப்பார். வெயில் ஏறிய பிறகு மெல்ல மெல்ல விடுவார். அமிலம் கூடினால் சுண்ணாம்புப் பால் கலப்பார். மழைக்காலம் முடியும் வரை சேற்றை வெளியே எடுக்கவே விடமாட்டார். குளிருக்கு முன் நிறையச் சேறு சேர்ந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைவாக வேலை செய்தாலும் கூட்டம் பெரிதாக இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. என் முதல் மூன்று பனிக்காலங்களிலும் நெருப்பு குறுகியது, ஆனால் அணையவில்லை.

இன்னொரு விஷயத்தில் அவர் இறுக்கமானவர். குழிக்குள் ஆள் இறங்குவது. தொட்டியின் பக்கவாட்டில், சேற்றை வெளியேற்றும் வால்வுகள் இருக்கும் ஆழமான குழிகள் உண்டு. அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு அங்கே தேங்கும். அது காற்றைவிடக் கனமானது. கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமாக இருந்தால் முதல் மூச்சிலேயே மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் நின்னு போச்சுன்னா ஓடி வந்துடணும், நல்லதாப் போச்சுன்னு நினைக்கக் கூடாது" என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வார். இறங்குவதென்றால் முந்தின நாளே மூடியைத் திறந்து வைக்க வேண்டும். ப்ளோயர் குழாயை அடிவரைக்கும் விட்டுக் காற்று அடிக்க வேண்டும். ஈய உப்பில் தோய்த்த வெள்ளைக் காகிதத்தை நான் தயாரித்துக் கொடுப்பேன். அதை நூலில் கட்டிக் குழிக்குள் இறக்கி, பொறுத்திருந்து எடுப்போம். நிறம் மாறாமல் வந்தால்தான் அடுத்த பேச்சு. இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மேலே இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் எது நடந்தாலும் கீழே இறங்கக் கூடாது. கடைசி விதி அதுதான், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். கீழே விழுந்தவரைக் காப்பாற்றப் போய் விழுபவர்கள்தான் அதிகம் என்பார்.

நாலாவது பனிக்காலம் எல்லாம் சேர்ந்து வந்தது. மாநில எல்லைப் பக்கம் புதிது புதிதாக முலாம் பூசும் பட்டறைகள் முளைத்திருந்தன. அவற்றின் அமிலக் கழிவை டேங்கர் லாரிகள் ஏதாவது ஒரு சாலையோர மேன்ஹோலில் கொட்டிவிட்டுப் போய்விடும். யார் என்று பிடிக்க முடியாது. எங்களுக்கு வரும் நீர் மஞ்சளாக வந்து சேரும்போதுதான் தெரியும். அந்தக் கழிவில் இருந்த கந்தக உப்பை எங்கள் சேறு விஷவாயுவாக மாற்றியது. குளிர்ந்த நீர் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடா பாட்டிலைப் போல, அசைக்கும் வரை அடங்கியிருக்கும், அசைத்தால் பொங்கும். நான் சோதித்த ஒவ்வொரு நாளும் அளவு ஏறியது. நெருப்பு அணைந்தது. தொட்டியின் மேல் பாலாடை போல எண்ணெயும் சேறும் திரண்டு தடித்துக் கிடந்தன. ஏரியில் மீன் செத்து மிதந்தது. ஏரித் தண்ணீரில் கோஸ் பயிரிட்டவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று சண்டை போட்டார்கள்.

இந்த நேரத்தில் ப்ளோயர் மோட்டார் எரிந்துபோய் ரிப்பேருக்குப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை எந்தக் குழியையும் திறக்கக் கூடாது என்று ராமப்பா சார் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். காண்ட்ராக்ட் ஆட்களின் சூப்பர்வைசரும் அங்கே நின்றிருந்தார். அடுத்த நாள் மேலிடத்து அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது.

முனிராஜ் காண்ட்ராக்ட் தொழிலாளி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். ராகி விதைத்த நிலத்தை யானை மிதித்துப் போட்ட வருடம் வேலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். அதிகம் பேசமாட்டார். நான் தொட்டியில் மாதிரி எடுக்கப் போகும்போது கேட்காமலே வந்து வாளியைப் பிடித்துக்கொள்வார். அவருடைய மனைவியின் தம்பி திம்மராயனும் அவரோடுதான் வேலை செய்தான். இருபத்தைந்து வயதிருக்கும். மாமா மாமா என்று அவர் பின்னாலேயே திரிவான்.

அதிகாரிகள் வரவிருந்த அந்தக் காலையில் பனி இறங்கி, நிலையத்தின் மறுமூலை தெரியவில்லை. காற்றே இல்லை. சாக்கடை உள்ளே வரும் வாய்ப் பக்கம் நுரை பொங்குகிறது என்று சாரைக் கூப்பிட்டார்கள், அவர் அங்கே போனார். சேற்று வால்வு இறுகிப்போய்த் திறக்காமல் இருந்தது. அதைத் திறந்து கொஞ்சம் சேற்றை வெளியேற்றினால் மேலே மிதக்கும் ஆடை அடங்கும், வருகிற அதிகாரிகளின் கண்ணில் படாது. சூப்பர்வைசர் முனிராஜைக் கூப்பிட்டு, ஒரு திருகு திருகிவிட்டு உடனே ஏறிவிடு என்று இறக்கிவிட்டார். இதைக் காதால் கேட்டவன் திம்மராயன் ஒருவன்தான். பெரிய ஸ்பேனர் எடுத்துவர அவனை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். என்னிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை. பெல்ட் ஆணியில் தொங்கியது.

நான் வாய்க்கால் ஓரம் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். இரும்பு இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு சேறு பீய்ச்சும் சத்தம். சூப்பர்வைசர் "முனிராஜ், முனிராஜ்" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. பனிக்குள்ளிருந்து அவர் என்னைக் கடந்து ஓடினார். சாரைக் கூப்பிடத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

குழி விளிம்பில் நின்று பார்த்தேன். முனிராஜ் கீழே கணுக்கால் ஆழச் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தார். வால்விலிருந்து சேறு அவர் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நாற்றம் இல்லை. அது உறைத்ததும் பின்னால் நகர்ந்தேன். அப்போது திம்மராயன் ஸ்பேனரோடு வந்தான். ஒரே பார்வைதான். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஏணியை நோக்கிப் பாய்ந்தான்.

நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவன் என்னை இழுத்துக்கொண்டே ஏணி வரை போனான். அவன் ஒரு கால் முதல் படியில் இருந்தது. பம்ப் ஆபரேட்டர் அக்பர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார். மூன்று பேரும் விளிம்பில் விழுந்தோம். எழுவதற்குள் ராமப்பா சார் வந்துவிட்டார். அந்த உயரமான மனிதர், திம்மராயன் முதுகில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் கத்திக் கேட்டேன். தொட்டிக்குப் போகும் நீரை நிறுத்து, நம்ம ரிப்பேர் பட்டறையிலிருந்து கம்ப்ரஸர் குழாயை இழுத்து வா, கேட்டில் சொல்லித் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடு, ஒருத்தரும் ஏணியைத் தொடக் கூடாது.

"வுடுங்க சார். மாமா மூச்சு வுடுது. முதுகு ஆடுது பாருங்க சார்" என்றான் திம்மராயன். அவன் முகம் விளிம்புக்கு வெளியே தொங்கியது. அவனால் கீழே பார்க்க முடிந்தது.

நானும் பார்த்தேன். முதுகு ஒரு தடவை ஏறி இறங்கியது. சேறு கொட்டிய அசைவா, மூச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எனக்கும் தெரியுதுப்பா. உன்ன வுடமாட்டேன்" என்றார் சார்.

கம்ப்ரஸர் குழாய் வந்தது. அதைக் குழிக்குள் விட்டுக் காற்று அடித்தோம். குப்பை அள்ளும் நீண்ட வாரியைக் கீழே விட்டு, அவர் சட்டையில் கொக்கியை மாட்டப் பார்த்தார் அக்பர். மாட்டியது, இழுத்தபோது துணி கிழிந்தது. மறுபடி மாட்டியது, மறுபடி கிழிந்தது. பெல்ட் போட்டிருந்தால் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கியிருக்கலாம். திம்மராயன் முதலில் திட்டினான். தமிழில், கன்னடத்தில், வாயில் வந்ததெல்லாம். பிறகு கெஞ்சினான். பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். என் கைக்குள் அவன் விலா எலும்புகள் மட்டும் ஏறி இறங்கின.

நெடுஞ்சாலையில் லாரிகள் பனியில் வரிசை கட்டி நின்றதால் தீயணைப்பு வண்டி வரத் தாமதமானது. முகமூடியும் முதுகில் காற்று உருளையும் மாட்டிய இருவர் இறங்கி அவரைத் தூக்கி வந்தார்கள். புல்லில் கிடத்தினார்கள். ஒருவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து நிறுத்தினார். சார் தன் மஃப்ளரை அவிழ்த்து முனிராஜின் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். திம்மராயனை அப்போதுதான் விட்டோம். அவன் கிட்டே வரவில்லை. தூரத்தில், சுண்ணாம்பு மூட்டைகள் மேல் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் காலையும் ஊர் குளித்தது, பாத்திரம் கழுவியது. சாக்கடை வந்தது. நான் அமிலம் பார்த்தேன். சார் வாசலில் வந்து நின்று, "என்ன பாத்தீங்க?" என்றார். சொன்னேன். சுண்ணாம்பு கலக்கச் சொன்னார். அந்தத் தொட்டி அந்தக் குளிரையும் தாண்டியது. மாசியில் நெருப்பு மறுபடி பிடித்தது. அதற்காக யாரும் சந்தோஷப்பட்டதாக நினைவில்லை.

விசாரணை நடந்தது. வெளியூரில், கல்யாண மண்டபம் போன்ற ஒரு கூடத்தில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர், தான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை, விளிம்பில் நின்றவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார். திம்மராயன் தான் கேட்டதைச் சொன்னான். சொந்தக்காரன் சொல்வதென்று ஒதுக்கிவிட்டார்கள். அது மட்டும் இல்லை. அவ்வளவு பாசமுள்ளவன் ஏன் மேலேயே நின்றாய் என்று ஒருவர் அவனிடம் கேட்டார். ராமப்பா சார் எழுந்து, "நான் பிடிச்சு வச்சேன். அவன் மேல உக்காந்திருந்தேன்" என்றார். இறங்கும் உத்தரவை நீங்கள் கேட்டீர்களா என்றார்கள். கேட்கவில்லை என்றார். கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் வேறு மாதிரிப் போயிருக்கும். வெளியே வந்து நான் அதைச் சொன்னபோது, பார்க்காததைச் சொன்னால் பார்த்ததும் நிற்காது என்றார். வழுக்கி விழுந்ததாகவே முடிவானது. மேற்பார்வை போதவில்லை என்று சாரைத் தெற்கே எங்கோ மாற்றினார்கள். அங்கேயே ஓய்வுபெற்று, இரண்டொரு வருடத்தில் இறந்துபோனார். சூப்பர்வைசர் வேறொரு காண்ட்ராக்டில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன்.

திம்மராயன் அந்த வாரமே நின்றுவிட்டான். ரோஜாப் பண்ணை ஒன்றில் பிளாஸ்டிக் கொட்டகைக்குள் வேலை என்றார்கள். சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது கேட்டருகே நின்றிருந்தான். இளைத்துப் போயிருந்தான். கைகளில் முள் கீறல்கள்.

எங்களைத் திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன், "மேடம், அன்னிக்கு நான் எறங்கியிருந்தா மாமாவ தூக்கினு வந்திருப்பனா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. நீயும் அவர் மேலயே விழுந்திருப்ப."

"எனக்குத் தெரியும் மேடம். அந்தப் பண்ணையில மருந்து அடிக்கறப்போ ஒருத்தன் விழுந்தான், தூக்கப் போனவனும் விழுந்தான், அப்போ புரிஞ்சிது. எங்க அக்காவுக்குத்தான் தெரியல."

அக்கா மஞ்சுளா அவனை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. என் புருஷன் சாவதை மேலே நின்று வேடிக்கை பார்த்தவன் என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்கிறாள். அவன் வாங்கிப் போகும் துணியைத் தெருவில் வைத்துவிடுகிறாள். விசாரணையில் யாரோ கேட்ட அந்தக் கேள்வி எப்படியோ கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் ஒரு தடவை வந்து சொல்லுங்கள் என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் அவனோடு போனேன். அங்கிருந்து நடை. ஓட்டு வீடு. வாசலில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சுளா என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் போட்டாள், அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். அவன் வேலிக்கு வெளியிலேயே நின்றான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாயு எப்படிக் கொல்லும் என்பதைவிட, அவன் எப்படிப் பாய்ந்தான் என்பதைத்தான் அதிகம் சொன்னேன். ஏணியில் அவன் கால் இருந்ததை, நான் இடுப்பைப் பிடித்ததை, அக்பர் தோளைப் பிடித்ததை, சார் முதுகில் உட்கார்ந்ததை. அவன் திட்டியதை, கெஞ்சியதை. அவன் நிற்கவில்லை, நாங்கள் நிறுத்தினோம் என்றேன். முதுகு அசைந்ததை மட்டும் சொல்லவில்லை.

அவள் ராகியைத் துழாவிக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகும் வெகுநேரம் கை நிற்கவில்லை. பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"எந்தம்பியப் புடிக்க மூணு பேரு இருந்தீங்க. அவரு எறங்கறப்போ புடிக்கறதுக்கு ஒருத்தரும் இல்லியாம்மா?"

பனி, நுரை, ஸ்டோர், வாய்க்கால் ஓரம். யார் யார் எங்கே இருந்தோம் என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது.

அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். வேலிப் பக்கம் பார்த்து, "எத்தினி நேரம் வெயில்ல நிப்ப, கை கால் கழுவினு உள்ள வா" என்றாள். திம்மராயன் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனான்.

நான் பாயை மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.